குருசாமிக்காக எழுதிய ஜெர்மன் பரீட்சை

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தோளில் பை, கையில் பழுப்புக் கவர். பல்கலைக்கழகத்திலிருந்து வருவதாகச் சொன்னார்.

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? எதற்காக வேர்க்க வேண்டும்? நீங்கள் அப்படித்தான் கேட்பீர்கள். என் மனைவி கேட்கவில்லை. சமையலறை வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் வீட்டில் விஷயம் முழுவதும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வந்தவர் அயல்மொழித் துறையில் விரிவுரையாளராம். ஜப்பானிய மொழி கற்பிக்கிறாராம். துறைக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்கள். அதற்குத் துறையின் வரலாற்றைப் பதினாறு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்பதால் நான் படித்துத் திருத்தித் தர வேண்டும்.

"எங்க டிபார்ட்மென்ட்ல எல்லா பாஷையும் வரும் சார். தமிழ்தான் கொஞ்சம் உதைக்கும்" என்றார்.

விசாரணைக்கு வரவில்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து படித்தேன்.

ஒரு துறையின் வரலாறு என்பது அது குடியிருந்த அறையின் வரலாறுதான் போலிருக்கிறது. முதலில் ரஷ்ய மொழி. ஓர் அறை, ஒரு பீரோ நிறையப் புத்தகம், மாஸ்கோவில் படித்துத் திரும்பிய ஒரு பேராசிரியர். எண்பதுகளில் எங்கள் பக்கத்து மில்களுக்கு ஜெர்மன் மெஷின்கள் வந்து இறங்கின. அந்த ரஷ்யப் பேராசிரியரே ஜெர்மனும் படித்து, அதே அறையில் அதையும் ஆரம்பித்தார். தொண்ணூறுகளில் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. ரஷ்ய வகுப்புக்கு ஆள் வரவில்லை. பீரோவைப் பூட்டினார்கள். பூட்டிய பீரோவுக்கு முன்னால் இப்போது ஜப்பானிய மொழி நடக்கிறது.

நாடு மாறுகிறது, மெஷின் மாறுகிறது... பெஞ்சு மட்டும் அதேதான்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. 'ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓராண்டு காலம் பகுதிநேர ஜெர்மன் வகுப்பு நடத்தப்பட்டது. போதிய மாணவர் இல்லாமையால் நிறுத்தப்பட்டது.'

அவ்வளவுதான். முன்னால் பின்னால் ஒன்றும் கிடையாது.

மற்றப் பக்கங்களில் ஒற்றெழுத்து, கமா எல்லாம் திருத்தினேன். அந்த வரியை மட்டும் தொடவில்லை. துறையின் மலரில் துறை சொன்னது இருக்கட்டும். என் பத்தியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாஸ்கோவில் படித்த அந்தப் பேராசிரியர் இப்போது இல்லை. குருசாமி அண்ணன் மில்லிலிருந்து எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த வகுப்பை நடத்திய ஸ்டெல்லா டீச்சருக்குக் கடிதம் போட்டுக் கேட்டேன். எழுதுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் பதிலியாக இருந்தேன்.

பதிலி என்றால் என்னவென்று மில் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெர்மனென்ட் தொழிலாளி ஒருவர் வரவில்லை என்றால் அதற்காக அவர் மெஷின் நிற்கக் கூடாது. கேட்டுக்கு வெளியே பதிலிகள் காத்துக்கொண்டு நிற்போம். சங்கு ஊதியதும் டைம் கீப்பர் வந்து விரலை நீட்டுவார். யாரைப் பார்த்து நீட்டுகிறாரோ அவன் உள்ளே போய், வராதவருடைய மெஷினில், வராதவருடைய நம்பரில் எட்டு மணி நேரம் ஓட்டுவான். மறுநாள் மறுபடி கேட்டுக்கு வெளியே. இப்படி நாலு வருஷம் நின்றிருந்தேன். என்றைக்காவது பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்ற நம்பிக்கை. ஆக்காமலே விட்டுவிடுவார்களோ என்ற பயம். இரண்டில் எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

அப்போதுதான் ஜெர்மன் மெஷின்கள் வரப்போவதாகப் பேச்சு வந்தது. கூடவே தடித்தடியாகப் புத்தகங்கள்... எல்லாம் ஜெர்மன் மொழியில். நிர்வாகம் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. பல்கலைக்கழகம் ஒரு டீச்சரை அனுப்பச் சம்மதித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலி அறை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. பத்தாவது பாஸ் செய்த பத்துப் பேரை மில் அனுப்ப வேண்டும்.

எந்தப் பத்துப் பேர்?

இங்கேதான் எங்கள் ஊர் மூளை வேலை செய்தது. பயிற்சி என்று எது வந்தாலும் சீனியாரிட்டிப்படிதான் அனுப்ப வேண்டும் என்று சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஒப்பந்தம். ஆகவே பத்தாவது பாஸ் செய்தவர்களில் மில்லிலேயே மூத்த பத்துப் பேருக்கு ஜெர்மன் விழுந்தது. அதில் இளையவருக்கே நாற்பத்து நாலு வயது.

அவர்களில் ஒருவர்தான் குருசாமி அண்ணன். சீனியர் பிட்டர். நாலு பெண்கள், இரண்டு மாடு, சோழபுரத்தில் கொஞ்சம் நிலம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு நிலத்தில் வேலை இருக்கும். வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ். மூன்றாவது ஒரு பாஷைக்குத் தன் வாயில் இடம் கிடையாது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

முதல் ஞாயிறு போய்விட்டு வந்தார். இரண்டாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏமிரா முத்தையா, நாளைக்கு எனக்குப் பதிலியாப் போயிருலே."

"எங்க அண்ணே?"

"ஜெர்மனுக்கு."

அவருக்கு இதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. வராதவர் மெஷினில் நான் நிற்கலாம் என்றால், அவர் வராத பெஞ்சில் நான் உட்காரக் கூடாதா? மற்ற ஒன்பது பேருக்கும் இதே யோசனைதான் வந்திருந்தது. ஒரு மாதத்துக்குள் பாதிப் பெஞ்சில் பதிலிகள் இருந்தோம். ஆள் ஞாயிற்றுக்கு ஞாயிறு மாறினாலும் எண்ணிக்கை மட்டும் மாறாது. பத்து என்றால் பத்து.

மற்றப் பதிலிகள் அவ்வப்போது வந்தார்கள். நான் வாராவாரம் போனேன். ஆசையால் என்று நினைத்துவிடாதீர்கள். டைம் கீப்பர் குருசாமி அண்ணனுக்கு மச்சினன். மாட்டேன் என்று சொன்னால் திங்கட்கிழமை அந்த விரல் என் பக்கம் நீளுமா?

ஆனால் போகப் போக... என்ன சொல்ல? பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவேன். மெஷினுக்கு முன்னாலேயே வந்துவிட்ட புத்தகத்தில் ஓரமாக முக்கோணம் போட்டு எச்சரிக்கைகள் இருக்கும். 'ஓடும்போது திறக்காதே.' 'கையை விடாதே.' 'முதலில் மின்சாரத்தை நிறுத்து.' அதெல்லாம் எனக்கு ஒரே தடவையில் மனப்பாடம் ஆயிற்று. பிறந்ததிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்ததை ஒரு நாட்டுக்காரர்கள் அச்சடித்தே வைத்திருந்தார்கள். அந்த பாஷை எனக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

ஸ்டெல்லா டீச்சர் மூன்றாவது வாரமே கண்டுபிடித்துவிட்டார். குருசாமி என்று கூப்பிட்டதும் நான் எழுந்து, 'என் பெயர் குருசாமி, எனக்கு வயது நாற்பத்தாறு, எனக்கு நாலு பெண்கள்' என்று ஜெர்மனில் ஒப்பித்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு. மீசையே சரியாக வந்திருக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் நிற்கச் சொன்னார். மில் வழக்கத்தை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "கேக்கறதுக்கு ஆள் இருக்கு. அது போதும் எனக்கு" என்றார்.

அவர் நிலைமை பிறகுதான் தெரிந்தது. சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சென்னையில் ஜெர்மன் படித்தவர். கணவர் ராணுவத்தில் ஹவில்தார், எங்கோ வடக்கே எல்லையில். மகள் ஊரில் இரண்டாம் வகுப்பு. டீச்சருக்கு இது தற்காலிக வேலைதான். இந்த வகுப்பு நடக்கும்வரை ஊரோடு இருக்கலாம். நின்றுபோனால் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வேலை தேடிப் போக வேண்டும்.

வருஷக் கடைசியில் பரீட்சை. அதற்கு மூன்று வாரம் முன்னால் டீச்சர் ஒரே ஒரு தடவை அதைப் பேசினார். பாஸ், பெயில் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பத்துப் பேர் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அடுத்த வருஷத்துக்கு அனுமதி கிடையாது. அது பல்கலைக்கழக விதி. சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார்.

பெரியவர்கள் பத்துப் பேரும் அவருக்காக வருவதாக ஒப்புக்கொண்டார்கள். மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. பெயிலாகப் போகிறோம் என்று தெரிந்தே கிளம்பினார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் ஜெர்மனியிலிருந்து மெஷின் வந்தது. அதை மாட்டிக் கொடுக்க ஓர் இன்ஜினியரும் வந்தார். சீனியர் பிட்டர் கூடவே இருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஜெர்மன்காரர் வந்ததால் ஜெர்மன் பரீட்சைக்குப் போக முடியாத ஒரே மனிதர் உலகத்திலேயே குருசாமி அண்ணனாகத்தான் இருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் கேன்டீனில் என்னைப் பிடித்தார். ஹால் டிக்கெட்டை மேஜையில் வைத்தார். அதில் போட்டோ கிடையாது. ஒரு நம்பர், கீழே பெயர்.

"அவிய இங்கிலீஷ்தாம்லே பேசுறாவ" என்றார் அலுப்போடு. "நாம எதுக்கு ஒரு வருஷம் ஜெர்மன் படிச்சோம்னு தெரியல."

"நாம இல்லண்ணே..."

"அதத்தான் நானும் சொல்லுதேன். வருஷம் பூரா உக்காந்தது நீ. பரீட்சைக்கு மட்டும் நான் போனா நல்லாவா இருக்கும்? போயிட்டு வாலே. அந்த டீச்சர் பிள்ளைக்குப் பத்து ஆளு வேணுமாம்லா."

அவர் பேச்சில் ஓட்டையே இல்லை. ஆனால் ஆள்மாறாட்டம் என்று ஒரு சொல் இருக்கிறதே! யாரோ ஒருவன் இதற்காக உள்ளே போன செய்தியைப் பேப்பரில் படித்திருந்தேன். பிடிபட்டால் ஜெயில். ஜெயிலுக்குப் போனவனைப் பெர்மனென்ட் ஆக்குவார்களா? போகாவிட்டால் டைம் கீப்பர். அதைவிட, ஒன்பது என்று எண்ணி முடித்துவிட்டு டீச்சர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முகம்.

போனேன்.

எல்லா முன்னேற்பாடும் செய்துகொண்டு போனேன். யாராவது குருசாமி என்று கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்க வேண்டும்; முத்தையா என்றால் திரும்பவே கூடாது. பஸ் ஸ்டாண்டில் நின்று மனதுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பழகினேன். குருசாமி அண்ணனின் பிறந்த தேதி, அவர் அப்பா பெயர், பெண்கள் பெயர்கள்... எல்லாம் மனப்பாடம். தெரிந்தவர் யாராவது பார்த்தால் சொல்வதற்குப் பல்வலி தயாராக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் டீச்சர் நின்றிருந்தார். பாடம் நடத்தியவர் பரீட்சை அறைக்குள் வரக் கூடாது என்பது விதி. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையசைத்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்.

பத்து என்று உதடு மட்டும் அசைந்தது.

உள்ளே உட்கார்ந்தேன். மேற்பார்வைக்கு வந்தவர் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார். யாரையும் அவருக்குத் தெரியாது. விடைத்தாளின் முன்பக்கத்தில் பெயர் எழுத வேண்டியதில்லை. நம்பர் மட்டும்தான். குருசாமி அண்ணனின் நம்பரை எழுதினேன். அடுத்தவர் நம்பரில் மெஷின் ஓட்டி எனக்குப் பழக்கம்தானே.

கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வி: உங்களைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக.

எழுதினேன். அதற்கப்புறம் எழுதிக்கொண்டே போனேன். ஒரு மெஷினை ஓட்டும் முன் கவனிக்க வேண்டியவை என்று கடைசிக் கேள்வி. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எதையும் யோசித்து எழுதிய ஞாபகம் இல்லை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதிய முதல் பரீட்சை அது. மணி அடித்தபோதுதான் தலையை நிமிர்த்தினேன். சுற்றிலும் ஒன்பது பெரியவர்கள், பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் வாசலில் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார். பத்துப் பழம். சரியாக இருந்தது.

திரும்பும்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற பஸ்ஸில் தெரியாமல் ஏறி, இறங்கி, மறுபடி சரியான பஸ்ஸைப் பிடித்தேன். அந்தப் பஸ்ஸில், ராஜபாளையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான்... முதல் கேள்விக்கு என்ன எழுதினேன் என்பது மனதில் ஓடியது.

'என் பெயர் முத்தையா. எனக்கு வயது இருபத்து நாலு. நான் மில்லில் பதிலி. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். எனக்கு ஜெர்மன் பிடிக்கும்.'

ஏன் அப்படி எழுதினேன்? வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும், எழுதியது நிற்கும் என்ற பயமா? இல்லை, அந்த ஒரு நிமிஷம் பயப்படவே மறந்துவிட்டேனா? இத்தனை வருஷம் யோசித்தாயிற்று. தெரியவில்லை. வழியெல்லாம் பாதுகாப்புப் பார்த்துக்கொண்டே போகிறவன் விழுகிற இடம் எப்போதும் வீட்டு வாசற்படியாகத்தான் இருக்கிறது.

ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் தூக்கம் கிடையாது. காக்கிச் சட்டையில் போஸ்ட்மேன் வந்தால்கூடப் பின்வாசலுக்குப் போய்விடுவேன்.

போலீஸ் வரவில்லை. பேராசிரியர் வந்தார்.

அதே பள்ளிக்கூட அறை. பேராசிரியர், டீச்சர், மில்லின் லேபர் ஆபீசர், குருசாமி அண்ணன், நான். மெலிந்த மனிதர் பேராசிரியர், குரலே எழும்பாது. விடைத்தாளை மேஜைமேல் வைத்தார்.

"நம்பர் குருசாமியோடது. எழுதினவர் தன் பேர் முத்தையான்னு சொல்றார். யார் எழுதினது?"

குருசாமி அண்ணன் சாதாரணமாகச் சொன்னார். "இவந்தாங்க. என் பதிலி."

லேபர் ஆபீசர் மில் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். பேராசிரியர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். பிறகு, "யுனிவர்சிட்டியில அப்படி ஒரு போஸ்ட் இல்லையே" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

டீச்சர் எழுந்தார். "எனக்குத் தெரியும் சார். வாசல்லயே பாத்தேன். பத்து வேணும்னு பேசாம இருந்துட்டேன்."

பேராசிரியர் முடிவு சொன்னார். அந்தத் தாள் ரத்து. ஆக எழுதியவர்கள் ஒன்பது பேர். விதிப்படி வகுப்பு நிற்கும். புகார், விசாரணை எதுவும் வேண்டாம். போதிய மாணவர் இல்லை என்று மட்டும் அவர் எழுதிக்கொள்வார். உண்மையை எழுதினால் டீச்சருக்கு எந்த ஊரிலும் வேலை கிடைக்காது. எனக்கும் மில் கிடையாது. அந்த ஒரு வரியால் அவர் இரண்டு பேரை மூடிவைத்தார்.

வெளியே வந்ததும் குருசாமி அண்ணன் என் தோளில் கை போட்டார். திட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏலே, பதிலின்னா மெஷின்காரன் பேர்லதானல ஓட்டணும்? ஒம் பேர எதுக்கு உள்ள விட்ட?"

டீச்சர் அடுத்த மாதமே மகளோடு கோயம்புத்தூர் போனார். அங்கே ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை. மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் யாரோடும் பேசவில்லையாம். இதை அவர் எழுதியதில்லை. வேறு ஒருவர் சொல்லித் தெரிந்தது.

அன்றைக்கு அந்த அறையைவிட்டுக் கிளம்பும் முன் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "கேள்வி உங்களைப் பத்திக் கேட்டிருக்கு. நீங்க எழுதியிருக்கீங்க. விடுங்க" என்றார். பேராசிரியரிடம் கேட்டு வாங்கி, அந்த விடைத்தாளை என்னிடம் காட்டினார். கையில் தரவில்லை, காட்ட மட்டும்தான் அனுமதி.

முன்பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. செல்லாது என்று எழுதிக் கையெழுத்து.

உள்ளே புரட்டினால், முதல் பக்கத்திலேயே ஆள் வேறு என்று தெரிந்தபிறகும், பேராசிரியர் கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் திருத்தியிருந்தார். அங்கங்கே தப்புக்குக் கோடு, அரை மார்க், ஒரு மார்க் குறைவு. முதல் கேள்விக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து.

முன்பக்கத்தில் போட்டதும் சரி, உள்ளே போட்டதும் சரி... இரண்டையும் என்னால் இன்றுவரை தப்பு சொல்ல முடியவில்லை.